ஓராண்டு ஓம்பல்: மயக்கவியல் கல்விக்கு முற்படு நூற்பாவும் அதன் உரையும்

நூற்பா

மயக்கத் துறைபுக விழைவோர் முன்னர்
ஓராண் டேனும் உயிர்நிலை தளர்ந்தோர்
அருகிருந் தோம்புக அந்நாட் டகத்தே;
குழல்வழி அழுத்தம் காண்டலும், கருவியால்
மூச்சினை நடத்தலும், நுண்துளி மருந்தால்
நாடியைத் தாங்கலும் நாள்தொறும் நிகழிடம்
தேர்ந்தனர் கொள்க; பெயர்நோக் கற்க;
ஏனென அறிந்தோர்க் கவ்வாண் டாண்டே.

என் நுதலிற்றோ எனின், அமெரிக்க நாட்டில் மயக்கமருந்து செலுத்தும் செவிலியராக விழைவோர், அக்கல்விக்கு விண்ணப்பிக்கு முன்னர் ஐசியு எனப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெறற்பாலதாகிய பட்டறிவு இன்னது என்பதும், அதனைத் தேர்ந்துகொள்ளும் முறை இன்னது என்பதும் உணர்த்துதல் நுதலிற்று.

அந்நாட்டில் இத்துறைக் கல்வித் திட்டங்களுக்கு அங்கீகாரம் நல்கும் குழுவின் விதியையும், துறையில் மூத்தோர் வழக்கையும் ஒருங்கு திரட்டி எட்டடியில் அடக்கியது இந்நூற்பா. இதனைக் கற்பான் முதற்கண் இதன் இடத்தை அறிதல் வேண்டும். இந்தியாவில் மயக்கமருந்து செலுத்துதல் மருத்துவர்க்கே உரிய பணி. அமெரிக்காவிலோ மருத்துவரோடு, தனிப்பயிற்சி பெற்ற செவிலியரும் அதனைச் செய்வர். அவர் சி.ஆர்.என்.ஏ. எனச் சுருங்க வழங்கப்படுவர். அப்பட்டப்பெயர் 1956 முதல் வழங்கி வருகின்றது. 2022 தொடங்கி அக்கல்விக்குப் புதியராய்ச் சேர்வோர் யாவரும் முனைவர் நிலைப் பட்டத்திற்கே சேர்தல் வேண்டும். அதன் காலம் 36 மாதத்திற்குக் குறையாது. அக்காலத்துள் 2,000 மணி நேரத்திற்குக் குறையாத மருத்துவமனைப் பயிற்சி முடித்தல் வேண்டும். இத்துணைப் பெரிய கல்விக்கு வாயில் ஆதலின் இந்நூற்பா சொல்லுக்குச் சொல் ஆராயற்பாலது.

இதன் பொழிப்பு: மயக்கவியல் துறையுள் நுழைய விரும்புவோர் அதற்கு முன்னர், ஓராண்டாயினும், உயிர்நிலை தடுமாறிய நோயாளரை அருகிருந்து அந்நாட்டிலேயே பேணுக, இரத்தக்குழாயுட் செலுத்திய குழல்வழி அழுத்தத்தைக் காண்டலும், வென்டிலேட்டரால் மூச்சு நடத்தலும், துளித்துளியாய்ச் செல்லும் மருந்தால் குருதியோட்டத்தைத் தாங்கலும் நாள்தோறும் நிகழும் பிரிவினை ஆராய்ந்து கொள்க, பிரிவின் பெயரை நோக்கற்க, செய்வதன் காரணம் அறிந்தார்க்கே அவ்வாண்டு ஆண்டாகும் என்றவாறு.

இனி அடிதோறும் உரைப்பாம்.

மயக்கத் துறைபுக விழைவோர் முன்னர்

மயக்கம் என்றது ஈண்டு உறங்கச் செய்தல் மாத்திரையன்று. உணர்வை நீக்கல், நோவை அடக்கல், தசையைத் தளர்த்தல், இம்மூன்றும் நிகழுங்கால் மூச்சும் நாடியும் கெடாது காத்தல் என்னும் நான்கும் அடங்கும். முதல் மூன்றும் மருந்து செய்வன. நான்காவது மருந்து செலுத்துவார் செய்வது. தீவிர சிகிச்சைப் பட்டறிவு வேண்டப்படுவது இந்நான்காவதன் பொருட்டே என்பது போதரும்.

விழைவோர் என்றமையால், இடம் பெற்றோர்க்கு அன்றி விருப்பம் தோன்றினோர்க்கே இவ்விதி கூறப்பட்டது. ஆகவே செவிலியர் படிப்பை முடித்து முதல் வேலை தேடும் நாளிலேயே இதனைக் கருதுதல் வேண்டும். வேறு வார்டில் சில்லாண்டு கழித்துப் பின் ஐசியு-வுக்கு மாற்றம் கேட்போர், ஆங்குப் புதியராய் மீண்டும் தொடக்கத்தினின்றே பயில நேரும்.

முன்னர் என்றது எதற்கு முன்னரோ எனின், அது பள்ளிதோறும் வேறுபடும். விண்ணப்பிக்கும் நாளில் ஆண்டு நிரம்பியிருத்தல் வேண்டும் என்பன சில. வகுப்புத் தொடங்கும் நாளில் நிரம்பினாற் போதும் என்பன சில. விண்ணப்பத்திற்கும் வகுப்புத் தொடக்கத்திற்கும் இடையே பல திங்கள் கழிதலின், இவ்வேறுபாடு அறியாதார் ஓராண்டை வீணே இழப்பர். அந்தந்தப் பள்ளியின் விதியை நேரே படித்துத் தெளிக.

ஓராண் டேனும்

ஏனும் என்பது இழிவின் எல்லை குறித்து நின்றது. முழுநேரப் பணியாயின் ஓராண்டு, பகுதிநேரமாயின் அதற்கு நிகரான காலம், இதற்குக் குறையலாகாது என்பது குழுவின் விதி. எல்லையைத் தொட்டார் யாவரும் தேர்ந்தெடுக்கப்படுவர் என்பது இதற்குப் பொருளன்று. இடம் சிலவும் விழைவோர் பலரும் ஆதலின், பல பள்ளிகள் இரண்டாண்டு உடையாரை உவந்து ஏற்கும்.

அற்றேல், ஓராண்டில் ஒருவர் உண்மையிற் பெறுவது எத்துணை எனின், கணக்கிட்டுக் காண்க. ஐசியு செவிலியர் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் பணிபுரிவர். ஆகவே வாரத்திற்கு 36 மணி; 52 வாரத்திற்கு 1,872 மணி. இதனுள் முதற் சில திங்கள் மூத்த செவிலியர் ஒருவர் உடன்நிற்கப் பழகுங் காலமாய்க் கழியும். தாமே நின்று முடிவு செய்த காலம் எஞ்சியதே. இரண்டாண்டு வேண்டுவார் கருத்து இதனால் விளங்கும்.

சி.சி.ஆர்.என். என்னும் தீவிர சிகிச்சைச் சான்றிதழை இதனோடு சார்த்தி உரைப்பாம். அத்தேர்வு எழுதுதற்கு, கடந்த இரண்டாண்டில் 1,750 மணி நேரம் நோயாளரை நேரே பேணியிருத்தல் வேண்டும்; அதனுள் 875 மணி இறுதி ஓராண்டினதாதல் வேண்டும். மேற்கூறிய கணக்கின்படி, விடுப்பு மிகாது பணிபுரிந்தார் ஓராண்டின் முடிவில் இதற்குத் தகுதியுறுவர். பள்ளி சில இதனைக் கட்டாயமாக்கும். ஏனைய விரும்பி ஏற்கும்.

உயிர்நிலை தளர்ந்தோர் அருகிருந் தோம்புக

உயிர்நிலை தளர்ந்தோர் என நோயாளரைச் சுட்டியது அன்றி அறையைச் சுட்டிற்றில்லை. ஐசியு என்னும் பலகைக்குக் கீழ்க் கிடப்பார் எல்லாரும் தளர்ந்தோர் அல்லர். நாளை வார்டுக்குச் செல்லவிருப்பாரும் ஆங்கு உளர். தளர்ந்தோர் எனப்படுவார், இந்நாழிகை இருந்த அழுத்தம் அடுத்த நாழிகை இராதாரே.

அருகிருந்து என்பது இன்றியமையாத அடை. மேற்பார்வையும் மேலாண்மையும் நற்பணிகளே; எனினும் படுக்கையருகு நின்று கைதொட்டுப் பேணிய காலமே ஈண்டுக் கணக்கிற் கொள்ளப்படும். தீவிர சிகிச்சையில் ஒரு செவிலியர்க்கு ஒரு நோயாளர், மிகின் இருவர், என வகுத்தமையின் காரணமும் இதுவே. கலிஃபோர்னியா மாநிலத்தில் இருவர்க்கு மேற்படலாகாது என்பது சட்டம்.

ஈண்டு ஒரு கடா: அறுவையரங்கிற் பணிபுரியும் செவிலியர் மயக்கமருந்து செலுத்துதலை நாள்தோறும் கண்ணெதிர் காண்கின்றார், அவரினும் ஐசியு செவிலியர் இதற்கு உரியர் ஆதல் எங்ஙனம்? அதற்கு விடை: அவர் காண்பது உண்மை; ஆயின் அவர் கடன் கருவி, கணக்கு, தூய்மை முதலியவற்றின் மேலது. அழுத்தம் வீழ்ந்தால் மருந்தின் அளவை மாற்றி, அதன் பயனைப் பார்த்து, மீண்டும் மாற்றும் கடன் அவர்பால் இல்லை. ஐசியு செவிலியர்க்கு அதுவே பொழுதெலாம் பணி. ஓம்புக என்னும் வியங்கோள் காண்டலை விலக்கிச் செய்தலை வேண்டிற்று என்க.

அந்நாட் டகத்தே

அகரச் சுட்டு அமெரிக்காவைச் சுட்டிற்று. அந்நாடும், அதன் ஆட்சிப் பகுதிகளும், அயல்நாட்டில் உள்ள அந்நாட்டுப் படைத்துறை மருத்துவமனைகளும் இதனுள் அடங்கும். ஏகாரம் பிரிநிலை, பிற நாட்டுப் பணியைப் பிரித்து விலக்கிற்று.

தமிழ்நாட்டிலிருந்து சென்றார் இவ்வோரடியை உற்று நோக்குக. சென்னையிலோ வேலூரிலோ பல்லாண்டு ஐசியு-வில் நின்றவர், அந்நாட்டுச் செவிலியர் உரிமத் தேர்வாகிய என்கிளெக்ஸில் வென்று அமெரிக்கா சென்றாராயினும், அப்பல்லாண்டு இவ்வோராண்டுக்கு ஈடாகக் கொள்ளப்படாது. ஆங்குப் புதிதாய் ஓராண்டு நிரப்பவே வேண்டும். அற்றேல் முன்னைப் பட்டறிவு பயனின்றோ எனின், அன்று. கைத்திறனும் கண்திறனும் அவரொடு செல்லும், பழகுங் காலம் சுருங்கும். ஆயினும் விதி எண்ணுவது அந்நாட்டுப் பணியையே. சென்றவுடன் கிடைத்த வேலையை ஏற்று ஐசியு அல்லாத இடத்தில் அமர்ந்தார், கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை என்பதை உணர்க.

குழல்வழி அழுத்தம் காண்டலும்

குழல் என்றது மூவகைக் குழலையும் தழுவும்: தமனியுட் செலுத்தும் ஆர்ட்டீரியல் லைன், பெருஞ்சிரையுட் செலுத்தும் சென்ட்ரல் லைன், இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியை எட்டும் ஸ்வான்-கான்ஸ் குழல். மூன்றாவது 1970-இல் வெளிப்பட்டது. இன்று அருகியே வழங்குவதாயினும், இதய அறுவை முடித்தார் தங்கும் ஐசியு-வில் இன்றும் உண்டு.

காண்டல் என்றது எண்ணைப் படித்தலை அன்று, அவ்வெண் மெய்யோ பொய்யோ எனத் தெளிதலை. இதனை ஒரு நிகழ்வால் விளக்குவாம். ஆர்ட்டீரியல் லைனின் அழுத்தமறி கருவியாகிய டிரான்ஸ்டியூசர், நோயாளரின் இதய மட்டத்தில், நான்காம் விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் கூடும் இடத்திற்கு நேராக நிற்றல் வேண்டும். இரவில் நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பொருட்டுக் கட்டிலை 15 செ.மீ. தாழ்த்தினர்; டிரான்ஸ்டியூசரோ கம்பத்தில் முன்னிருந்த உயரத்திலேயே நின்றது. 10 செ.மீ. உயர வேறுபாடு ஏறத்தாழ 7.5 மி.மீ. பாதரச அளவு பிழை தருமாதலின், 63 என இருந்த சராசரி அழுத்தம் 52 எனத் திரையிற் காட்டும், அலாரம் ஒலிக்கும். காணாதார் விரைந்து, அழுத்தம் ஏற்றும் மருந்தாகிய நோர்எபினெஃப்ரின் அளவைக் கூட்டுவர். இல்லாத வீழ்ச்சிக்கு மருந்து ஏறும். கண்டார் முதலில் டிரான்ஸ்டியூசரை மட்டம் செய்வர், பின்னரே எண்ணை நம்புவர். தட்டுச் சமன் பாராது நிறுத்த பொன்னின் நிறையை யார் ஏற்பர்? அறுவை மேசையோ ஒரே அறுவையில் பன்முறை ஏறியும் இறங்கியும் சாய்ந்தும் நிற்பது. ஐசியு-வில் இதனைப் பழகாதார் ஆங்குத் தடுமாறுவர்.

கருவியால் மூச்சினை நடத்தலும்

கருவி, வென்டிலேட்டர். நடத்தல் என்னும் சொல் ஐயம் தருவது. என்னை? அமெரிக்க மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் அளவுகளைப் பெரும்பாலும் மாற்றுவார் சுவாசச் சிகிச்சையாளர், செவிலியர் அல்லர். அற்றாயினும் நடத்தல் என்றது, கருவிக்கும் உடலுக்கும் இடையே நிகழ்வதை இடையறாது கண்டு, குழாயைக் காத்து, சளி நீக்கி, உறக்க மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்றி, மாறுபாட்டை முதலில் உணர்ந்து உரைத்தலை என்க.

அளவுகளின் காரணம் அறிதலும் இதனுள் அடங்கும். நுரையீரல் கடுஞ்சேதம் உற்றார்க்கு ஒரு மூச்சின் கொள்ளளவு, கணித்த எடையில் கிலோவுக்கு 6 மி.லி. என்பது 2000-இல் வெளியான பேராய்வால் நிலைபெற்றது. கணித்த எடை என்றதனால் தராசிற் கண்ட எடை விலக்கப்பட்டது. உயரத்தைக் கொண்டே அது கணிக்கப்படும். 170 செ.மீ. உயரமுடைய ஆடவர் 110 கிலோ நிறுப்பினும் அவருக்குக் கணித்த எடை 66 கிலோவே. மூச்சளவு ஏறத்தாழ 400 மி.லி. உடல் பருத்தல் நுரையீரலைப் பெருக்காது என்பது காரணம். பொத்தானைத் தாம் தொடாராயினும் இக்காரணத்தைச் சுவாசச் சிகிச்சையாளரிடம் கேட்டறிந்தவரே கருவியால் மூச்சினை நடத்தியவர் ஆவர். மயக்கவியலில் அப்பொத்தான் அவர் கைக்கே வரும்.

நுண்துளி மருந்தால் நாடியைத் தாங்கலும்

நுண்துளி என்றது இன்ஃபியூஷன் பம்ப் வழியாய்ச் சிறிது சிறிதாய்ச் செல்லும் மருந்தை. நாடி, ஆகுபெயராய்க் குருதியோட்டம் முழுதும் உணர்த்திற்று. தாங்கல், வீழ்வதை வீழாது பிடித்தல். எந்நிலையிற் பிடித்தல் எனின், செப்சிஸ் உற்ற வயதுவந்தார்க்குச் சராசரித் தமனி அழுத்தம் 65-க்குக் குறையாது என்பது பொதுவழக்கு.

இவ்விடம் நூற்பாவின் நடுநாடி ஆதலின் விரித்து உரைப்பாம். அழுத்தம் குறைந்தது எனின் குறைந்த காரணம் பல: குருதிக்குழாய் தளர்ந்திருக்கலாம், குருதி குறைந்திருக்கலாம், இதயம் சோர்ந்திருக்கலாம். நோர்எபினெஃப்ரின் குழாயை இறுக்கி இதயத்திற்கும் ஓரளவு ஊக்கம் தரும். ஃபினைல்எஃப்ரின் குழாயை மட்டும் இறுக்கும். அழுத்தம் ஏற, உடல் தானே நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆகவே துடிப்பு முன்னரே மெலிந்தார்க்கு அது தகாது. குருதி இழந்தார்க்கோ எம்மருந்தும் காலம் வாங்கித் தருமேயன்றி இழந்ததை ஈடு செய்யாது. மயக்கவியல் பள்ளியின் நேர்காணலில் கேட்கப்படுவன பெரும்பாலும் இவ்வகையினவே: இம்மருந்தை ஏன் தேர்ந்தீர், இரண்டாவதாய் எதனைச் சேர்ப்பீர், சேர்த்தபின் எதனை நோக்குவீர் என.

புரோபோஃபால் என்னும் மருந்தையும் இதனோடு படுத்து உணர்க. வென்டிலேட்டரில் உள்ளாரை உறக்கத்திலிருத்த ஐசியு-விலும், அறுவைக்கு உணர்வை நீக்க அரங்கிலும் அதுவே பயன்படும். இரண்டிடத்தும் அது குழாயைத் தளர்த்தி அழுத்தத்தை வீழ்த்தும். ஐசியு-வில் அவ்வீழ்ச்சியைப் பன்முறை கண்டு எதிர்நோக்கக் கற்றவர், அரங்கில் ஊசியை அழுத்துமுன்னரே மாற்று மருந்தைக் கையருகு வைத்திருப்பர்.

நாள்தொறும் நிகழிடம் தேர்ந்தனர் கொள்க

காண்டலும், நடத்தலும், தாங்கலும் என மூன்றிடத்தும் வந்த உம்மை எண்ணும்மை. விதியின் எழுத்துப்படி இவற்றுள் ஒன்றோ பலவோ வழக்கமாய் நிகழ்ந்தாற் போதும். நூற்பா மூன்றையும் எண்ணியது, மூன்றும் கூடுமிடமே சிறந்தது என்னும் மூத்தோர் வழக்கு நோக்கி. இதயத்தைத் தாங்கும் பலூன் பம்ப் முதலிய கருவிகளும் விதியுட் கூறப்பட்டன. அவை உபலக்கணத்தாற் கொள்ளப்படும்.

நாள்தொறும் என்பது உயிர்ச்சொல். திங்களுக்கு ஒருமுறை வென்டிலேட்டர் காணும் பிரிவு பெயரால் ஐசியு ஆயினும் விதியின் கருத்தால் ஆகாது. தேர்ந்தனர் என்னும் முற்று தேர்ந்து என எச்சப்பொருட்டாய் நின்று கொள்க என்பதனொடு முடிந்தது. தேராது கொண்டார் பின்னர் மாற்றம் வேண்டி அலைவர் என்பது குறிப்பு.

பெயர்நோக் கற்க

இதய அறுவை ஐசியு ஒன்றே பள்ளிகளால் விரும்பப்படும் என்பார் உளர். அவர் கூற்று முழுவதும் பொருந்தாது. அறுவை, இதயம், பொதுமருத்துவம், குழந்தை, பச்சிளங்குழந்தை என்னும் ஐசியு எல்லாவற்றையும் அங்கீகாரக் குழு எடுத்துக்காட்டாய் ஓதிற்று. ஆயினும் பள்ளி சில வயதுவந்தோர் ஐசியு-வையே வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவை ஏலாதனவும் உண்டு. அவசர சிகிச்சை முதலிய பிற பிரிவில் நின்றார், நிலையழிந்த நோயாளரையும் உட்குழல்களையும் வென்டிலேட்டரையும் தீவிர மருந்துகளையும் கையாண்ட திறத்தை மெய்ப்பிப்பின் கருதப்படலாம் என்பதும் விதியுள் உண்டு. ஏற்கும் பள்ளிகள் சிலவே. ஆகவே பெயரால் உயர்ந்த பிரிவில் எளிய நோயாளரைப் பேணலினும், பெயர் சிறிதாயினும் கடுநோயாளரைப் பேணலே தக்கது என்பது கருத்து.

ஏனென அறிந்தோர்க் கவ்வாண் டாண்டே

ஈற்று ஏகாரம் தேற்றம். அறிந்தோர்க்கு என வரையறுத்தமையால், அறியாதார்க்கு அவ்வாண்டு நாட்காட்டியில் மட்டும் நிரம்பும் என்பது எஞ்சி நின்றது. ஐசியு-வில் மருத்துவர் எழுதிய ஆணையும், அளவு கூட்டிக் குறைக்கும் அட்டவணையும் உண்டு. அவற்றைப் பின்பற்றுதல் கடன். அவற்றின் காரணத்தைக் கேட்டறியாது பின்பற்றுதல் இந்நூற்பாவுக்கு உடன்பாடன்று. அறுவையரங்கிலோ, உணர்வு நீக்கிய பின் மூச்சு நின்ற சில நிமிடங்களில் அட்டவணையைத் தேடிப் படிக்கக் காலம் இராது.

இது புதிதாய்ப் புகுந்த நெறியும் அன்று. மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் மேயோ சகோதரர்க்கு மயக்கமருந்து செலுத்திய ஆலிஸ் மகா என்னும் செவிலியர், 14,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களின் பதிவை 1906-இல் வெளியிட்டார். அந்நாளில் ஐசியு இல்லை, திரை இல்லை, ஆர்ட்டீரியல் லைன் இல்லை. முகத்தின் நிறமும் மூச்சின் நடையும் கண்டே அவர் மருந்தின் அளவை அறிந்தார். கருவி பெருகிய இந்நாளிலும் விதி வேண்டுவது அக்கண்ணையே. அதனைப் பயிலும் இடமாகவே விதி ஐசியு-வை வகுத்தது.

இதனாற் பெறப்பட்டது: ஐசியு ஆண்டு விண்ணப்பத்திற்கு ஒரு சீட்டு அன்று, கல்வியின் முதற்பகுதியே என்பதாம். ஆகலின் மாணாக்கர் செயற்பாலன மூன்று. விரும்பும் பள்ளிகளின் விதியை வேலை ஏற்குமுன்னரே படிக்க. வேலைக்கான நேர்காணலில், குழலும் வென்டிலேட்டரும் துளிமருந்தும் அப்பிரிவில் நாள்தோறும் உண்டோ எனத் தாமே வினவுக. இல்லையெனின் அவ்வேலையைத் தவிர்க. வேலை ஏற்றபின், மருந்தின் அளவை மாற்றுந்தோறும் ஏன் மாற்றினோம் என்பதற்கு ஒரு வாக்கியத்தில் விடை கூறவல்லராகுக. கூறமாட்டாராயின் இன்னும் ஓராண்டு அங்கேயே நிற்க.